மக்கரோன், மக்ரூன், மக்ரோனி

தூத்துக்குடியில் மக்ரூன் என்று கேட்டால் கூம்பு வடிவில், வெள்ளையாக, வாயில் வைத்ததும் கரைகிற முந்திரிப் பலகாரத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பாரிசில் மக்கரோன் என்று கேட்டால் கிடைப்பது வேறு. பாதாம் மாவில் சுட்ட இரண்டு வண்ண ஓடுகளுக்கு நடுவே கிரீமோ சாக்லேட்டோ பழ ஜாமோ வைத்து ஒட்டியிருப்பார்கள். நம் மளிகைக் கடையில் மக்ரோனி என்றால் வளைந்த குழல் குழலாக ஒரு பாஸ்தா பாக்கெட் வரும். மூன்றுக்கும் தாய்ச்சொல் ஒன்றுதான்.

இத்தாலியில் மக்கரோனே, மக்கெரோனே என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறி ஒலித்த சொல் அது. மாவைப் பிசைந்து செய்கிற உணவுக்கு அது பெயர். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. இடி, நசுக்கு என்று பொருள்படும் அம்மக்காரே என்ற இத்தாலிய வினையிலிருந்து பிறந்தது என்பார்கள் சிலர். வாற்கோதுமையில் செய்த உணவைக் குறித்த மக்காரியா என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். பாதாமை இடிக்காமல் இந்தப் பலகாரமே இல்லை என்பதால் முதல் கட்சியில் சேர எனக்கு ஆசைதான். ஆனால் சொல் முதலில் வழங்கியது மாவு உணவுக்கு. பாதாம் பிறகுதான் வந்தது. ஆகவே அந்த ஆசைக்கு மதிப்பில்லை.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, பாதாமும் சர்க்கரையும் வெள்ளைக்கருவும் சேர்ந்த இனிப்புக்கு வைத்தது. இத்தாலியில் பாஸ்தா பாஸ்தாவாகவே இருந்துவிட்டது. அந்த நூற்றாண்டின் முடிவையொட்டி ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து இனிப்பின் பெயரையும் இத்தாலியிலிருந்து பாஸ்தாவின் பெயரையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் ‘ஒன்’ என்று முடிகிற சொற்களை ‘ஊன்’ என்று நீட்டி வாங்குவது ஆங்கிலத்தின் பழைய வழக்கம். சலோன் அப்படித்தான் சலூன் ஆனது, மக்கரோன் மக்ரூன் ஆனது. முடிவெட்டும் கடையும் தூத்துக்குடிப் பலகாரமும் பெயரளவில் பங்காளிகள்.

மக்ரூனைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து அவர்களால் வந்தது உண்மை. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் காலூன்றியதும் உண்மை. ஆனால் போர்த்துக்கீசிய மொழியில் இந்த வேரிலிருந்து வந்த சொல் பாஸ்தாவைத்தான் குறிக்கிறது. நம் சொல்லின் வாலில் இருக்கிற ‘ஊன்’ ஆங்கிலத்தின் முத்திரை. பலகாரம் யார் கைப்பக்குவம் என்பது தனி வழக்கு. பெயர் ஆங்கிலம் வழியாக வந்தது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பாதாமின் இடத்தில் கைக்கெட்டிய அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி, வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் அதே இடத்தில் தேங்காய்த் துருவல் வந்தது. அங்கே மக்ரூன் என்றால் பெரும்பாலும் தேங்காய் உருண்டைதான்.

இந்தக் குடும்பத்தில் இலக்கியத்துக்குப் போன பிள்ளையும் ஒன்று உண்டு. லத்தீனையும் இத்தாலியப் பேச்சுமொழியையும் கலந்துகட்டிக் கேலிக்கவிதை எழுதிய இத்தாலியர்கள் அந்த நடைக்கு மக்கரோனியின் பெயரையே வைத்தார்கள். தமிழும் வடமொழியும் கலந்த நடைக்கு, முத்தும் பவளமும் கோத்ததுபோல் என்று நாம் மணிப்பிரவாளம் எனப் பெயர் வைத்தோம். அவர்களுக்குத் தோன்றியது மாவும் பாலாடைக்கட்டியும்.

பிரான்சுக்கு வருவோம். இத்தாலியிலிருந்து மணமாகி வந்த கத்தரீன் தெ மெதிச்சி 1533இல் தன் சமையற்காரர்களோடு மக்கரோனையும் கொண்டுவந்தார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. நான்சி நகரத்துக் கதை உறுதியானது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் துறவு மடங்களைக் கலைத்துவிட்டார்கள். வெளியேறிய கன்னியர்களில் மார்கரீத் கையோ, மரி எலிசபெத் மோர்லோ என்ற இருவர் வயிற்றுப்பாட்டுக்கு மக்கரோன் சுட்டு விற்றார்கள். ஊர் அவர்களை மக்கரோன் சகோதரிகள் என்றே அழைத்தது, இன்று அந்தப் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது. அவர்கள் சுட்டது ஒற்றை வில்லை. மேலே வெடிப்பு விட்டு, பழுப்பாக, பூரணம் இல்லாமல் இருக்கும். நான்சியில் இப்போதும் அப்படித்தான் சுடுகிறார்கள்.

இரண்டு ஓட்டை ஒட்டி நடுவே பூரணம் வைக்கிற பழக்கம் மிகவும் பிந்தியது, 20ஆம் நூற்றாண்டினது. 1862இல் தொடங்கிய லாதுரே என்ற பாரிஸ் கடை, தங்கள் குடும்பத்து பியேர் தெஃபோந்தேன்தான் அதைக் கண்டுபிடித்தார் என்கிறது. கிளோத் ழெர்பே என்ற பலகாரக்காரருக்கும் அந்தப் பெருமையைக் கொடுப்பவர்கள் உண்டு. பழைய பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இந்த வகையை ழெர்பே என்றே சொல்வதால் எனக்கு இரண்டாமவர் மேல் கொஞ்சம் சாய்வு.

பிரெஞ்சில் மக்கரோன் பலகாரத்தோடு நிற்கவில்லை. கார்க் கண்ணாடியில் ஒட்டும் வட்ட அனுமதிச்சீட்டும் மக்கரோன்தான், காதுக்கு மேல் சுருட்டி வைத்த பின்னலும் மக்கரோன்தான். உணவகங்களுக்குக் கொடுக்கிற மிஷலின் நட்சத்திரத்தையும் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள். வட்டமாக, தட்டையாக இருந்தால் போதும்போல.

இனி எழுத்து. மேக்ரான், மக்ரான், மெக்கரூன் என்று பலவிதமாக எழுதுகிறோம். நடுவில் உள்ள உயிரை விழுங்கி மக்ரோன் என்று எழுதினால் பிரான்சின் அதிபர் வந்து நிற்பார். ஒற்றை ‘க’ போட்டு மகரோன் என்றால் மகரம் என்பதைப் போல வாய் மெலித்துவிடும். அதனால் ‘க்க’ வேண்டும். கடைசி ஒலி பிரெஞ்சில் ‘ன்’ அல்ல, மூக்கால் சொல்லும் உயிரொலி. ஆங்கிலேயர் இதைப் பழகச் சிரமப்படுவார்கள், நமக்கு அது வாய்ப்பழக்கம். ‘வந்தோம்’ என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோமோ, ‘ம்’ என்று உதடு மூடாமல் மூக்கில் விட்டுவிடுகிறோமே, அதேபோல் மக்கரோன் என்று முடித்தால் பாரிஸ் உச்சரிப்புக்கு மிக அருகில் போய்விடலாம்.

தமிழில் என்ன சொல்வது? பேக்கரிக்கு ஈழத்தில் வெதுப்பகம் என்ற நல்ல சொல் புழங்குகிறது. கேக்குக்கு அணிச்சல் என்று ஒரு சொல் உண்டாக்கினார்கள், கடைப்பலகை வரை அது அவ்வளவாக வரவில்லை. மக்கரோனுக்குப் பாதாம் பிஸ்கட் என்றால் தவறான பொருள் வரும், பிஸ்கட்டின் மொறுமொறுப்பு இதில் இல்லை. வாதுமை நுரையப்பம் என்று சொல்லலாம். வெள்ளைக்கரு நுரையில் நிற்பது என்பதும் மேலே மெத்தென்று உப்புவது என்பதும் அதில் வந்துவிடும். வகையைப் புரியவைக்க அந்தச் சொல் உதவும். பெயராக மக்கரோனே இருக்கட்டும். இட்லியை எந்த மொழிக்காரரும் பெயர்த்துச் சொல்வதில்லை. அதே நேரம் தூத்துக்குடிப் பலகாரத்தை மக்கரோன் என்று திருத்துவதும் கூடாது. அதற்கு மக்ரூன் என்ற பெயர் ஊரறிய நிலைத்துவிட்டது.

பெயரை விட்டுவிட்டுச் செய்முறைக்குள் நுழைந்தால் தமிழுக்குத் தட்டுப்பாடே இல்லை. வீட்டில் சுடுகிறவர்கள் ஆங்கில வீடியோ பார்த்து ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள், பாதிச் சொல் நம் அடுக்களையில் ஏற்கெனவே கிடக்கிறது.

பாதாம் மாவும் ஐசிங் சர்க்கரையும் ஒரே எடை எடுத்துக் கலந்து வைப்பதைப் பிரெஞ்சில் ‘தான் பூர் தான்’ என்பார்கள். சரிக்குச் சரி என்பதே அதற்கு நேர்ச்சொல். 100 கிராம் வெள்ளைக்கருவுக்கு பாதாம் மாவு 125 கிராம், ஐசிங் சர்க்கரை 125 கிராம், நுரையில் சேர்க்கச் சர்க்கரை 100 கிராம் என்று தொடங்கலாம். முட்டையை எண்ணாதீர்கள், நிறுங்கள். நம் ஊர் முட்டை பல அளவில் வருகிறது. பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, நன்றாகக் காயவைத்து, சர்க்கரையோடு மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டிச் சலிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களிம்பாகிவிடும்.

வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து நுரையாக்குவதில் இரண்டு வழி முக்கியம். சர்க்கரையை அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது பிரெஞ்சு வழி, பாகு காய்ச்சி ஊற்றுவது இத்தாலிய வழி. பாகு 118 டிகிரி செல்சியஸ் வர வேண்டும் என்பார்கள். வெப்பமானி இல்லையென்றாலும் அதிரசம் சுட்ட கைக்குத் தெரியும்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வருகிற பதம், அதிலும் சற்றுக் கெட்டியாக.

அடுத்ததுதான் உயிர்நாடி. நுரையையும் மாவையும் கலப்பதைப் பிரெஞ்சில் மக்கரோனாஜ் என்கிறார்கள், இதற்கென்றே உண்டான சொல். தமிழில் மடித்துத் துழாவுதல் எனலாம். கரண்டியால் அடியிலிருந்து எடுத்து மடித்து, கிண்ணத்தின் ஓரத்தில் லேசாக அழுத்தி, நுரையில் உள்ள காற்றைக் கொஞ்சம் வேண்டுமென்றே கொல்ல வேண்டும். முதலில் கலவை திப்பிதிப்பியாக, மங்கலாக இருக்கும். மடிக்க மடிக்கப் பளபளப்பு ஏறும். கரண்டியைத் தூக்கினால் துண்டு துண்டாக விழாமல் நாடாபோல் தொடர்ந்து இறங்க வேண்டும். கீழே விழுந்த நாடாவின் தடம் அரை நிமிடத்துக்குள் கலவையில் கரைய வேண்டும். தடம் அப்படியே நின்றால் இன்னும் நாலைந்து மடிப்பு போடலாம். உடனே கரைந்துவிட்டால் கதை முடிந்தது, தட்டில் பரந்து ஓடும். நாடாப் பதம் என்ற பெயரே போதும்.

பட்டர் பேப்பரில் வட்டமாகப் பிழிந்து, தட்டை மேசையில் இரண்டு தட்டு தட்டி, எழும் குமிழியைப் பல்குத்தும் குச்சியால் உடைத்துவிட்டு அப்படியே வைக்க வேண்டும். மேலே மெல்லிய தோல் உறையும். பிரெஞ்சில் க்ரூதாஜ். பாலில் படிவதற்கு நாம் ஆடை என்று சொல்வதில்லையா, இதையும் ஆடை கட்டுதல் என்றே சொல்லலாம். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. அரை மணி நேரம் என்று எழுதியிருப்பதைச் சென்னையில் ஐப்பசி மழை நாளில் நம்ப வேண்டாம், ஏசி போட்டோ மின்விசிறியின் கீழோ வைத்தால்தான் ஆடை கட்டும்.

150 டிகிரியில் ஏறக்குறைய 15 நிமிடம். உள்ளே ஆவியும் காற்றும் விரிகின்றன, மேலே ஆடை இறுகியிருப்பதால் வழி கிடைக்காமல் அடியோரமாகப் பிதுங்கி வெளியே வருகின்றன. அந்தச் சொரசொரப்பான விளிம்புக்கு பியே என்று பெயர், பாதம் என்று பொருள். பாதாமுக்குப் பாதம் என்று யாரும் சிலேடை போடாமல் இருக்க, கால் என்றே வைத்துக்கொள்வோம். ஆடை சரியாகக் கட்டவில்லையென்றால் கால் வராது, உச்சி வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கால் நீண்டு கோணினால் ஓடிஜி அடுப்பின் சூடு ஒரே சீராக இல்லை என்று பொருள். இப்படிச் சுட்டெடுத்த ஒவ்வொரு பாதியையும் பிரெஞ்சில் கோக் என்பார்கள். முட்டையோட்டுக்கும் அதே சொல், நமக்கும் ஓடுதான்.

நடுவில் வைப்பதற்குப் பெரும்பாலும் கனாஷ், அதாவது சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்து ஆறவிட்டது. பிரெஞ்சில் கனாஷ் என்றால் குதிரையின் தாடை, மடையன் என்றெல்லாம் பொருள் உண்டு. கை தவறிக் கிரீமைச் சாக்லேட்டில் கொட்டிய உதவியாளரை முதலாளி அப்படித் திட்டியதில் பெயர் வந்தது என்பது அவிழ்த்துவிட்ட கதைபோல் இருக்கிறது. நமக்குப் பூரணம் என்ற சொல் இருக்கிறது, கொழுக்கட்டைக்குள் வைப்பதும் இதுவும் ஒரே வேலைதான்.

ஒட்டிய உடனே தின்றால் ஓடு தனியாக, பூரணம் தனியாக நிற்கும். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்தால் பூரணத்தின் ஈரம் ஓட்டுக்குள் ஏறி, வெளியே மெல்லிய மொறுப்பும் உள்ளே மெத்துமாக மாறும். பிரெஞ்சில் முதிர்தல் என்கிறார்கள், நாம் ஊற விடுவது என்போம். எடுத்துக் கால் மணி நேரமாவது வெளியில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், குளிர்ந்த பூரணத்தில் மணம் தெரியாது. வீட்டில் சுட்டு விற்பவர்கள் பெட்டியின் மேல் மக்கரோன் என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் பாதாம், முட்டை சேர்ந்தது என்றும் போட்டுவிடுங்கள். சைவம் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர்.