பட்ஜெட்: தோல்பையும் பாதீடும்

செல்போன் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "உங்க பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போனாலும் அதே கேள்வி வரும். பிப்ரவரி முதல் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கல் ஆவதும் பட்ஜெட். கையிருப்பு, செலவுத் திட்டம், அரசின் ஆண்டுக் கணக்கு என்று பல பொருளையும் இந்த ஒரு சொல்லே சுமக்கிறது.

இதன் வேர் பணத்தில் இல்லை, பையில் இருக்கிறது. தோல்பைக்கு லத்தீனில் 'புல்கா' என்று பெயர். பண்டைய பிரான்ஸ் பகுதியில் பேசப்பட்ட கால் (Gaulish) மொழியிலிருந்து லத்தீனுக்கு வந்த சொல் அது. பழைய பிரெஞ்சில் அது 'பூஜ்' ஆகி, சின்னப் பை 'பூஜெட்' ஆனது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோதும் பை என்ற பொருள்தான். புடைத்திருப்பதைக் குறிக்கும் 'பல்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

பை எப்படி நிதிக் கணக்கானது? 1733இல் பிரிட்டனில் நிதியமைச்சர் பொறுப்பிலும் இருந்த பிரதமர் ராபர்ட் வால்போல் ஒயினுக்கும் புகையிலைக்கும் கலால் வரித் திட்டம் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்பு. அப்போது வெளியான ஒரு துண்டுப் பிரசுரத்தின் தலைப்பு 'பை திறக்கப்பட்டது' என்ற பொருள்படும். சந்தையில் பையைத் திறந்து கண்ட மருந்தையும் விற்கும் போலி வைத்தியரைப் போல நிதியமைச்சரைக் காட்டியது அது. கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை வைப்பதையே 'பையைத் திறப்பது' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிறகு இந்தப் புதிய பொருளோடு சொல் பிரெஞ்சுக்கே திரும்பிப் போனது.

இந்தியாவில் 1860இல் பிரிட்டிஷ் ஆட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் முதல் பட்ஜெட்டை வைத்தார். விடுதலைக்குப் பின் 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டை வைத்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வழங்கும் 'நிதிநிலை அறிக்கை'யும் அதை ஒட்டியதே.

அரசு ஏட்டுக்கு அந்தப் பெயர் சரி. ஆனால் "இந்த மாசம் வீட்டு நிதிநிலை அறிக்கை போட்டாச்சா?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. நிலையைச் சொல்வதுதான் அறிக்கை. இனிமேல் எதற்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் வேலை அந்தப் பெயரில் தெரிவதில்லை. இந்த வகையில் 'வரவு செலவுத் திட்டம்' மேல். நீளம் கொஞ்சம் கூடுதல் என்பதுதான் குறை. வரவுக்கு மேல் போகும் செலவை நாம் 'துண்டு விழுகிறது' என்போம். இலங்கையில் அதையே 'துண்டுவிழும் தொகை' என்று அரசுக் கணக்கிலும் எழுதுகிறார்கள். பேச்சுச் சொல்லை அப்படி எடுத்தாள்வது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பட்ஜெட்டுக்கு இலங்கைப் பத்திரிகைகளில் புழங்கும் இன்னொரு சொல் 'பாதீடு'. இது புதிதாகச் செய்த சொல் அல்ல, தொல்காப்பியத்தில் இருப்பது. வெட்சி, அதாவது பகைவர் மாடுகளைக் கவரும் போர், அதன் துறைகளை அடுக்கும் இடத்தில் 'பாதீடு உண்டாட்டுக் கொடை' என்று வரும். கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, பங்கிடுவதே பாதீடு. புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூல் இன்னும் விவரமாகச் சொல்கிறது: வாளேந்திப் போரிட்டவர்களுக்கு மட்டுமல்ல, ஒற்றறிந்து சொன்னவர்களுக்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவர்களுக்கும் பங்கு உண்டு. அவரவர் செய்த வேலையை அறிந்து கொடுக்க வேண்டும். இருப்பது இவ்வளவு, யாருக்கு எவ்வளவு? பட்ஜெட்டின் உயிரான கேள்வியும் இதுதானே!

பாத்தல் என்றால் பகுத்தல். 'பாத்தூண் மரீஇ யவனை' என்ற குறளில் (227) பகுத்து உண்பது 'பாத்தூண்'. வரப்பு கட்டிப் பிரிக்கும் பாத்தியும் இந்தக் குடும்பம்தான். அரசின் வேலையைச் சொல்லும் குறளும் (385) பகிர்வில்தான் முடிகிறது:

இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த
வகுத்தலும் வல்ல தரசு.

வருவாய்க்கு வழி செய்வது, சேர்ப்பது, காப்பது, அப்புறம் துறைவாரியாகப் பிரித்துக் கொடுப்பது. அதனால் 'பாதீடு' தமிழ்நாட்டிலும் புழக்கத்துக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம். 'கல்விப் பாதீடு', 'வேளாண் பாதீடு' என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எளிதாக வருகிறது. படத் தயாரிப்புக்கும் வீட்டுக்கும்கூடப் பொருந்தும்.

'பட்ஜெட் போன்', 'பட்ஜெட் ஹோட்டல்' என்பதற்கு மட்டும் இது ஆகாது. அங்கே பட்ஜெட் என்றால் மலிவு. 'குறைந்த விலை போன்', 'சிக்கன விடுதி' என்றாலே போதும். செல்போன் கடைக்காரரின் கேள்விக்கும் புதுச்சொல் தேவையில்லை: "எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?"