மாவரா அன்னஹ்ர்: ஆமு தர்யாவுக்கு அக்கரை

பேர்பெற்ற மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனா பிறந்த நாட்டைச் சிலர் மாவரா அன்னஹ்ர் என்று எழுதுகிறார்கள், சிலர் டிரான்சாக்சியானா என்கிறார்கள். இரண்டும் ஒரே இடம்தான்.

அரபியில் 'மா' என்றால் எதுவோ அது; 'வரா' என்றால் அப்பால்; 'நஹ்ர்' என்றால் ஆறு. ஆற்றுக்கு அப்பால் உள்ளது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆறு ஆமு தர்யா. அரபியர் அதை ஜைஹூன் என்றனர், கிரேக்கர் ஆக்சஸ் என்றனர். டிரான்சாக்சியானாவும் 'ஆக்சஸுக்கு அப்பால்' என்று லத்தீனில் ஒட்டிச் செய்த பெயரே. (மத்திய ஆசியாவில் தர்யா என்றாலே ஆறு. 'ஆமு தர்யா நதி' என்று எழுதுவது 'நடு சென்டர்' கதைதான்.)

சரி, யாருக்கு அப்பால்? ஆற்றுக்கு இக்கரையில் இருந்த குராசானின் அரபு ஆளுநர் குதைபா இப்னு முஸ்லிம் மெர்வ் நகரிலிருந்து படையோடு ஆற்றைக் கடந்து 709இல் புகாராவையும் 712இல் சமர்கந்தையும் பிடித்தார். மெர்விலிருந்து பார்த்தவர்களுக்கு அது அக்கரை. காலங்காலமாக அங்கேயே வாழ்ந்த சோக்தியருக்கு அது சொந்த ஊர். ஆனாலும் வந்தவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. வடக்கே சிர் தர்யா வரை நீளும் இந்தப் பகுதி இன்று பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானிலும், மிச்சம் தஜிகிஸ்தான், தெற்குக் கஜகஸ்தான் பக்கமும் கிடக்கிறது.

இப்னு சீனாவின் தகப்பனார் இக்கரைக்காரர். ஆற்றுக்குத் தெற்கே உள்ள பல்குதான் அவர் ஊர். புகாராவைத் தலைநகராகக் கொண்ட சாமானித் வம்சத்து அரசில் வேலை கிடைத்து அக்கரைக்குப் போனார். புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் 980இல் மகன் பிறந்தார். அந்த மகன் தன் வரலாற்றில் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது தடவை படித்து மனப்பாடமே ஆகிவிட்டதாம், ஆனால் ஒரு மண்ணும் புரியவில்லை. ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் தரகர் ஒருவர் ஒரு சுவடியை நீட்ட, வேண்டாம் என்று எரிச்சலோடு தள்ளிவிட்டார். "சொந்தக்காரருக்குப் பணமுடை, மூன்று திர்ஹம்தான்" என்றதும் வாங்கிவிட்டார். அது அதே நூலின் நோக்கங்களைப் பற்றி முந்தைய தலைமுறை மெய்யியலாளர் ஃபாராபி எழுதியது. வீட்டுக்குப் போய்ப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தானம் செய்தார். ஃபாராபியும் அந்தப் பக்கத்து ஆள்தான். சிர் தர்யாக் கரையிலுள்ள ஃபாராப் அவர் ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது.

999இல் புகாரா காராகானியர் என்ற துருக்கிய வம்சத்தின் கைக்குப் போனது. அப்புறம் இப்னு சீனா ஊர் ஊராக அலைந்து, 1037இல் ஈரானின் ஹமதானில் காலமானார். யூனானி வைத்தியர்கள் இன்றும் மதிக்கும் 'கானூன்' என்ற மருத்துவ நூல் அவருடையதே.

அவர் பெயரிலும் தமிழ் வாசகர் இடறுவதுண்டு. இந்தச் சீனாவுக்கும் சீன நாட்டுக்கும் தொடர்பில்லை. இப்னு சீனாவின் சொந்தப் பெயர் ஹுசைன், அவர் தந்தை அப்துல்லாஹ், பாட்டன் ஹசன், பூட்டன் அலீ, அந்த அலீயின் தகப்பன் சீனா. இப்னு என்றால் மகன்; ஆனால் இங்கே இப்னு சீனா என்பதைச் சீனாவின் வழிவந்தவர் என்று கொள்ள வேண்டும். அவிசென்னா என்பது லத்தீன்காரர்கள் வாயில் பட்டுத் திரிந்தது; நமக்கு அது தேவையில்லை.

நாட்டின் பெயருக்குத் தமிழில் என்ன எழுதலாம்? 'ஆற்றுக்கு அப்பாலுள்ள பகுதி' என்பது விளக்கம், பெயராகாது. வெறும் 'அக்கரை நாடு' என்றால் எந்த ஆறு என்ற கேள்வி வரும். 'ஆமு அக்கரை நாடு' என்பதுதான் என் பரிந்துரை. முதல் முறை மட்டும் மாவரா அன்னஹ்ர் என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடலாம். ஹதீஸ் (நபிமொழி) படித்தவர்களிடம் புகாரி இமாமின் புகாராவும் திர்மிதி இமாமின் திர்மிதும் உள்ள நாடு என்று சொன்னால் இடம் உடனே பிடிபட்டுவிடும்.