"இடுப்புல வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள்

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் எங்கே வலி என்று கேட்டேன். "இடுப்புல" என்றார். கை வைத்துக் காட்டச் சொன்னதும் கணவரைப் பார்த்துத் தயங்கினார். கணவர் வெளியே போன பிறகுதான் அவர் கை அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் நடுவில் போய் நின்றது. மூன்று மாத வலி. ஒவ்வொரு செக்கப்பிலும் "இடுப்பு வலி" என்றே சொல்லியிருக்கிறார். "மாசமா இருந்தா அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னால் இரண்டு மூட்டுகள், முன்னால் ஒன்று. முன்மூட்டில் வழக்கமாக 4 முதல் 5 மி.மீ. இடைவெளி உண்டு, கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மி.மீ. கூடுவது இயல்பு. இந்த மூட்டுகள் சீராக அசையாதபோது வலிக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு வருகிறது. குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் பலருக்கும் வருவதாலேயே பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எப்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போதா, மாடிப்படியிலா, ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போதா, காரிலிருந்து இறங்கும்போதா? எனக்கு அதுவே பாதி பரிசோதனை.

கால்கள் அகலும்போதுதான் பெரும்பாலும் வலி கூடும். அதனால் முழங்கால்களைச் சேர்த்துவைத்துப் புரளுங்கள், உட்கார்ந்து உடுத்துங்கள், படியில் ஒவ்வொன்றாக ஏறுங்கள். தூங்கும்போது கால்களுக்கிடையே தலையணை. மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்குவதை நிறுத்துவதுதான் தாய்மாருக்குக் கஷ்டம். உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். பெல்ட் சிலருக்கு உதவும், ஆனால் வயிற்றைச் சுற்றி இறுக்காமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

வயிறு இறுகி விட்டுவிட்டு வரும் வலி, இரத்தக்கசிவு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இருந்த பெரிய பயம் பிரசவம். இந்த வலி உள்ள பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகும். ஆனால் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இந்த வலியும் தெரியாது. கால்களை அளவுக்கு மீறி விரித்துவிடக்கூடும். எனவே வலியில்லாமல் முழங்கால்கள் எவ்வளவு அகலும் என்று டேப்பால் அளந்து, பிரசவ அறையில் காட்டும்படி அவர் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அவர் கணவரை வெளியே அனுப்பவில்லை.