பச்சைக்கல் சுவர் எப்படி நிற்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில், வர்ஜின் ஆற்றங்கரையில் கிராஃப்டன் என்றொரு ஊர். இப்போது அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. 1859-இல் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் போட்ட முதல் குடியிருப்பை 1862 ஜனவரி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் ஆற்றின் மேல்பக்கமாக ஒரு மைல் தள்ளிப்போய் மறுபடி வீடு கட்டினார்கள்.

அங்கே 1886-இல் எழுந்த பள்ளிக்கூடம்தான் அவர்களுக்குத் தேவாலயமும். வாரநாளில் பாடம், ஞாயிறு வழிபாடு, நடுவில் ஊர்க்கூட்டம், நடனம். கைவிரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் இரண்டு கட்டடத்துக்கு எங்கே போவார்கள்? மரமே 75 மைல் தொலைவிலுள்ள ட்ரம்புல் மலையிலிருந்து வரவேண்டியிருந்தது.

ஆகவே சுவருக்கு மண். ஊரின் மேற்கே குழி வெட்டிக் களிமண் எடுத்து, குழைத்து, கல் அறுத்து, வெயிலில் காயவைத்தார்கள். சூளை வைக்கவில்லை. இப்படிச் சுடாமல் காயவைத்த மண்கல்தான் பச்சைக்கல்.

களிமண் துகள் என்பது நுண்ணிய தகடு. ஈரம் ஆவியாக ஆக, மிஞ்சும் மெல்லிய நீர்ப்படலம் தகடுகளை நெருக்கி இழுத்துப் பிடிக்கும், கல் இறுகும். களிமண் மட்டும் என்றால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். சுருங்காத மணல் கலந்திருந்தால் தப்பும். சூளையில் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் களிமண்ணின் அமைப்பே மாறிவிடுகிறது, பிறகு எவ்வளவு நனைந்தாலும் கரையாது. பச்சைக்கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊறினால் பழையபடி சேறுதான்.

மழையைவிட மோசமான எதிரி ஓதம். மண்ணின் நுண்துளைகள் தரையிலுள்ள நீரை மேலே உறிஞ்சும். அது சுவரின் அடிப்பக்கத்தில் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். உப்பு படிகமாகிப் பருக்க, மண் பொடிப்பொடியாக உதிரும். கொஞ்ச காலத்தில் சுவரின் காலையே குடைந்துவிடும். கிராஃப்டன்காரர்கள் எரிமலைப் பாறைகளை அடுக்கிக் கடைக்கால் போட்டிருக்கிறார்கள். பாறை வழியே நீர் எளிதில் ஏறாது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தில் கெட்டிக்காரத்தனமான வேலை அதுதான்.

வெயிலைச் சமாளிப்பது சுவரின் கனம். ஓரடி கன மண்சுவரில் பகல் சூடு உள்ளே வந்து சேர எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். கோடையில் பிள்ளைகளுக்கு அது சௌகரியம்தான். ராத்திரி ஆட வந்தவர்களுக்குத்தான் வியர்த்திருக்கும்!

இப்படிப்பட்ட சுவரில் பழுதுபார்ப்பதாகச் சொல்லி சிமெண்ட் பூசுவதுபோல் கெடுதல் வேறில்லை. ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே கல் கரையும்.

1919-இல் மாணவர் எண்ணிக்கை ஒன்பதாகக் குறைந்து பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் பக்கத்து ராக்வில்லுக்குப் போனார்கள். ஆளில்லாமல் கிடந்த கட்டடத்தை 2000-இல் புதுப்பித்தார்கள்.