பத்துக்கு எத்தனை என்று கேட்டால் என்ன கிடைக்கும்?

சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போனால் சாவியோடு ஒரு வேண்டுகோளும் வரும்: "சார், கம்பெனியிலிருந்து போன் பண்ணுவாங்க. பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, எட்டு சொன்னா எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை." எட்டு நல்ல மார்க்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் ஒரு கணக்கைப் பிரபலமாக்கினார். எங்களை நண்பருக்குச் சிபாரிசு செய்வீர்களா, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். 9, 10 சொன்னவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை சொன்னவர்கள் அதிருப்தியாளர்கள். முதல் கூட்டத்தின் சதவீதத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நிறுவனத்தின் மதிப்பெண் வந்துவிடும். 7, 8 சொன்னவர்கள் கூட்டலிலும் இல்லை, கழித்தலிலும் இல்லை. உலகெங்கும் ஏராளமான நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. அந்த எண்ணோடு ஊழியரின் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கட்டினால் அவர் வண்டியைக் கவனிப்பாரா, எண்ணைக் கவனிப்பாரா? எது சுலபமோ அதைத்தான்.

யாரும் கெஞ்சாமல், மனதார ஒருவர் 6 போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன சரிசெய்வது? அதனால்தான் 'ஏன்?' என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கல் பெரிதாகிறது.

1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோதி வில்சன் என்ற உளவியலாளர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. ஆனால் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர். ஏன் என்று கேட்டபோது தரத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை ஒருவரும் தானாகச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் காரணத்தைத் தேடி எடுப்பதில்லை, பொருத்தமாக ஒன்றைச் செய்து தருகிறார்கள். நம் கருத்துப் படிவங்களில் 'விலை அதிகம்' என்று எழுதப்படும் பதில்களில் எத்தனை இந்த ரகமோ!

இதிலிருந்து தப்பிக்க ஒரு நல்ல வழி அமெரிக்க விமானப்படையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட 1,000 பேரின் கோப்புகளை ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளரின் குழு ஆராய்ந்தது. நீக்கியதற்கு என்ன காரணம் எழுதியிருந்தார்கள் தெரியுமா? 'பறக்கும் இயல்புத் திறன் இல்லை', 'பொருந்தாத மனப்பாங்கு', 'போதிய முன்னேற்றம் இல்லை.' இவற்றை வைத்துக்கொண்டு அடுத்த தொகுதி மாணவர்களுக்கு எதையும் மாற்றிச் சொல்லிக்கொடுக்க முடியாது. நம்மூர் 'சர்வீஸ் சரியில்லை'க்கு அது உடன்பிறப்பு.

ஃபிளனகன் கேள்வியை மாற்றினார். அபிப்பிராயம் வேண்டாம், நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: அப்போது நிலைமை என்ன, அவர் சரியாக என்ன செய்தார், அதனால் என்ன ஆனது? 1954இல் இந்த முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். இதை ஒரு மளிகைக் கடைக்குக் கொண்டுவருவது எளிது. 'எங்கள் கடை எப்படி இருக்கிறது?' என்றால் 'பரவாயில்லை' என்று பதில் வரும். 'கடைசியாக வந்தபோது வாங்க நினைத்து வாங்காமல் போன பொருள் ஏதாவது உண்டா? அன்று என்ன நடந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். உளுந்து எந்த அலமாரிக்கு மாறியது என்று தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை, எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டேன் என்று வரும். நாளைக் காலையே சரிசெய்துவிடலாம்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? இதற்கும் ஃபிளனகன் ஓர் அளவுகோல் சொன்னார். இன்னும் 100 சம்பவங்களைச் சேர்த்தாலும் புதிய வகையாக இரண்டு மூன்றுதான் தேறுகின்றன என்றால் நிறுத்திக்கொள்ளலாம். எளிய விஷயங்களில் அந்த நிலை சீக்கிரமே வந்துவிடும்.

ஆனால் சம்பவத்திலும் எல்லாம் நினைவில் நிற்பதில்லை. பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்ட 154 நோயாளிகளை மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் ஆராய்ந்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. பரிசோதனை சிலருக்கு 4 நிமிடத்தில் முடிந்தது, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. பிறகு மொத்த வலியை மதிப்பிட்டபோது, வலி உச்சத்தில் இருந்த கணமும் கடைசி நிமிடங்களும்தான் கணக்கில் வந்தன. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய எடுபடவே இல்லை. ஆகவே எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று வாடிக்கையாளரைக் கேட்பது வீண் வேலை. அதை டோக்கன் மிஷினிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், பதிலே சொல்லாதவர்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளைப் பெரிதும் நம்பியது தவறு என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அது பாதிக் கதைதான். சீட்டு கிடைத்தவர்களிலேயே ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தவர்கள் அதிகம் என்று 1988இல் பெவெரில் ஸ்கொயர் என்ற அரசியல் அறிவியலாளர் பழைய தரவுகளை வைத்துக் காட்டினார். அவர்களில் நிறையப் பேர் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மருந்து இன்னும் ஒரு லட்சம் படிவம் அனுப்புவது அல்ல. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் இருந்த மோரிஸ் ஹேன்சனும் வில்லியம் ஹர்விட்ஸும் 1946லேயே வழி சொல்லிவிட்டார்கள்: தபாலுக்குப் பதில் போடாதவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஆளை அனுப்பி நேரில் கேளுங்கள், பதில் போடாத அத்தனை பேருக்கும் அவர்களே பிரதிநிதிகள் என்ற அளவில் அந்தப் பதில்களுக்கு எடை கொடுத்துக் கணக்கில் சேருங்கள். இன்று ஒரு கடையோ மருத்துவமனையோ செய்வதென்றால் முப்பது நாற்பது போன் அழைப்புகளில் ஆரம்பிக்கலாம், முக்கியமாகப் போன வருடம் வந்து இந்த வருடம் வராதவர்களுக்கு. பேசுகிறவர் மட்டும் அவர்களைக் கவனித்த கவுண்டரில் உட்காரும் ஊழியராக இருக்கக் கூடாது.