தோட்ட ரயில் பாதை: தேய்க்கும் முன் மூட்டுகளைப் பாருங்கள்

ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில், 45 மி.மீ. அகலப் பாதையில் ஓடும் பெரிய மாதிரி ரயில்களை அறிமுகப்படுத்தியது. அன்றிலிருந்து ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில், எஞ்சினுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் பித்தளைத் தண்டவாளங்கள் மழையிலும் பனியிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. இத்தகைய பாதைகளைச் சீர்செய்வது என் தொழில். குளிர்காலம் முடிந்ததும் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கும்: எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது, எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. உரிமையாளர் நன்றாகத்தான் தேய்த்திருப்பார். கோளாறு தண்டவாளத்தின் மேற்பரப்பில் இருக்காது.

நேர்த் தண்டவாளத் துண்டுகள் வழக்கமாக 30 செ.மீ. நீளம் கொண்டவை. எனவே 30 மீட்டர் பாதையில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 100 மூட்டுகள் இருக்கும். அவற்றை இணைப்பது வெறுமனே சொருகப்பட்ட மெல்லிய தகடு. 40 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு 10 மீட்டர் பித்தளை ஏழு மி.மீ.க்கும் மேல் நீண்டு சுருங்குவதால், அந்தத் தகடு ஆண்டு முழுவதும் அசைந்து, தளர்ந்து, உள்ளே ஈரமும் மண்ணும் புகுந்து களிம்பு பிடித்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க, எஞ்சின் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை மூட்டுக்கு இந்தப் பக்கமும் மறுமுனையை அதே தண்டவாளத்தில் அந்தப் பக்கமும் வைத்து அளக்க வேண்டும். நல்ல மூட்டில் அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ட் காட்டினாலே அந்த மூட்டைக் கழற்றலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்தால் கெட்ட மூட்டும் நல்லதாகவே தெரியும். கழற்றிய தகட்டின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, மின்கடத்தும் பசை தடவி மாட்டலாம். அதைவிட உறுதியானது திருகு வைத்து இறுக்கும் கவ்வி. சிலர் எல்லா மூட்டுகளையும் சால்டர் செய்து ஒரே கம்பியாக்கிவிடுகிறார்கள். வெயிலில் அந்தப் பாதை வளைந்து எழும்பும். சற்றுத் தொய்வு விட்ட செம்புக் கம்பியை மூட்டுக்குக் குறுக்கே பற்றவைப்பதே சரி.

மூட்டுகள் சரியாக இருந்தால்தான் தேய்ப்பதற்குப் பொருள் உண்டு. முதலில் சருகுகளைக் கூட்டி, நத்தை ஊர்ந்த பிசுபிசுப்பையும் மரப்பிசினையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதன்பின், சுவர்ப்பூச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் நீண்ட கைப்பிடித் தேய்ப்பானில் நைசான தேய்ப்புத் தாளை மாட்டினால் குனியாமலே வேலை முடியும். பக்கவாட்டுக் கருமையை விட்டுவிடுங்கள், அது அழகுதான். சக்கரம் தொடும் மேற்பரப்பும் உள்விளிம்பும் பளிச்சென்றிருந்தால் போதும். சொரசொரப்பான உப்புத்தாள் போடும் கீறல்களில் அழுக்கு விரைவாகத் தங்கும். இரும்பு நாரை அருகிலேயே விடக்கூடாது, ஏனெனில் உதிரும் இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும்; குறுக்கு மின்னோட்டம் ஏற்பட்டு மோட்டாரே பாழாகலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால், அது முழுவதும் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தில் தெறிக்கும் பொறி அதைப் பற்றவைக்கக்கூடும். சக்கரங்களையும் துடைக்காவிட்டால் அவற்றின் கரி மறுசுற்றிலேயே பாதைக்குத் திரும்பிவிடும்.

பாதை பிரியும் இடங்களில் உள்ள பாயிண்டுகளின், அசையும் நாக்குப் பகுதியில் ஒரு சிறு கல் சிக்கினாலும் வண்டி தடம் புரளும். பழைய பல்துலக்கியே அங்கே போதும். பாதைக்கு அடியில் உருண்டைக் கூழாங்கல்லுக்குப் பதிலாக, தூளும் கலந்த கூர்முனை உடைகல்லை இட்டால் அது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். உறைபனிக் காலம் கழிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் கல்லை அடைத்து உயர்த்துங்கள்.

பாதைக்கு வருவது குறைந்த வோல்ட்டேஜ் என்பதால் பலர் டிரான்ஸ்ஃபார்மரையே நீட்டிப்பு வயரில் கோத்து ஈரப்புல்லில் வைத்துவிடுகிறார்கள். அந்த வயரில் ஓடுவது வீட்டு மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள்ளோ நனையாத கொட்டகையிலோ இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் குறைந்த வோல்ட்டேஜ் வயர் மட்டுமே செல்ல வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். மரங்கள் அடர்ந்து ஓயாமல் சருகு விழும் தோட்டம் என்றால், எஞ்சினுக்குள்ளேயே பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும் பொருத்திவிடுமாறு நான் சொல்வதுண்டு. அப்போது சருகைக் கூட்டிப் பாயிண்டைப் பார்த்தால் போதும். களிம்பைத் தேய்க்கும் வேலை இல்லை.