ஊசியை விடுங்கள், முதலில் டேங்கைக் கழற்றுங்கள்

பிஸ்டனில் புகைபோக்கிப் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். பிஸ்டன் ஓடும் உருளையான லைனரில் அதே இடத்தில் அதே கோடுகள். எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கின் கம்பிச்சுருள் நெளிந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேடியோவில் இயக்கும் மாதிரிப் பயிற்சி விமானத்தில் பூட்டியிருந்த 46 அளவு, அதாவது 7.5 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இது. "ஒரே சீரா ஓடல, ஏறி ஏறி இறங்குச்சு, ஊசியைத் திருகித் திருகிப் பார்த்தேன்" என்ற அதே விளக்கத்தோடு இன்னொன்று மேசைக்கு வந்திருக்கிறது. டேங்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் விரல் நீள சிலிக்கான் குழாயில் ஒரு வெடிப்பு. நேராகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. லேசாக வளைத்தால் பிளேடால் கீறியதுபோல் வாய் பிளக்கிறது. பழுது அவ்வளவுதான். அதற்குப் பலியானது பிஸ்டனும் லைனரும்.

எத்தனை முறை சொன்னாலும் தீராத விஷயம் இது. கார்புரேட்டரில் திருகும் மெயின் ஊசிக்கு ஒரே வேலைதான்: முழு த்ரோட்டிலில் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று அளப்பது. போன வாரம் நன்றாக ஓடிய எஞ்சின் இன்று தடுமாறுகிறது என்றால், இடையில் ஊசி தானாகத் திரும்பவில்லையே! காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் ஓரிரு கிளிக், அதாவது ஊசியைத் திருகும்போது 'டிக்' என்று நிற்கும் ஓரிரு படி, மாற்றுவது சரி. அரைச் சுற்று, முக்கால் சுற்று மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு வேறு இடத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் தானாக ஏறி இறங்குகிறதா? கலவை நொடிக்கு நொடி மாறுகிறது என்று பொருள். ஓரிடத்தில் நிற்கும் ஊசியால் அப்படி மாற்ற முடியாது. எங்கோ காற்று புகுகிறது, அல்லது எரிபொருள் தடைப்படுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மூடினால், குமிழி கடக்கும் ஒவ்வொரு நொடியும் எஞ்சின் கடும் லீனில், அதாவது எரிபொருள் போதாத கலவையில், ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனியாக வருவதில்லை. எரிபொருளில் கலந்திருக்கும் 18 முதல் 20 சதவீதம்தான் மொத்த மசகும். எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், கீறல் விழும். கீறல் விழுந்த லைனரை எந்த ஊசியும் மீட்காது.

எரிபொருள் வரும் வழியைப் பின்தொடருங்கள். எஞ்சின் ஓடும்போது பின்னால் நின்று குழாயைக் கவனியுங்கள். பெரிய குமிழிகள் விட்டுவிட்டு வந்தால் ஓட்டை. சோடா போலப் பொடிக் குமிழிகள் வந்தால் டேங்கில் எரிபொருள் நுரைக்கிறது, அதிர்வுதான் காரணம். ப்ராப்பை (ப்ரொப்பெல்லரை) பேலன்ஸ் செய்யுங்கள், எஞ்சின் மவுன்ட் போல்ட்டுகளை இறுக்குங்கள், டேங்கைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள்.

டேங்கின் உள்குழாயைக் கழற்றி ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சிரிஞ்சால் காற்றழுத்தி, தண்ணீரில் முக்குங்கள். ஓட்டை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நுனியில் உள்ள க்ளங்க் என்ற எடைக்குண்டு, டேங்கின் பின்சுவரில் உரசாமல் 5, 6 மி.மீ. இடைவெளி விட்டுத் தடையின்றி ஆட வேண்டும். விமானம் மூக்குக் குத்தி இறங்கிய பிறகு பலமுறை இந்தக் க்ளங்க் முன்பக்கம் பாய்ந்து மடிந்து சிக்கிக்கொள்ளும். தரையில் அருமையாக ஓடும், மூக்கைத் தூக்கி ஏறியதும் ஆஃப் ஆகும். அதற்கும் ஊசியைத் திருகுகிறார்கள்!

டேங்க் நிரம்பியிருக்கும்போது ரிச்சாகவும் (எரிபொருள் மிகுந்தும்) கடைசிக் கால் டேங்கில் லீனாகவும் ஓடினால் டேங்கின் உயரத்தைப் பாருங்கள். அதன் நடுக்கோடு ஊசியின் மட்டத்திலோ ஒரு சென்டிமீட்டருக்குள் கீழேயோ இருக்க வேண்டும். சைலன்சர் தளர்ந்தாலும் அதிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் விரிந்தாலும் எரிபொருளைத் தள்ளும் அழுத்தம் போய்விடும், உடனே லீன்.

அடுத்தது ரப்பர் வளையங்கள். கார்புரேட்டர் உட்காரும் கழுத்தில் ஒன்று, ஊசியின் தண்டில் ஒன்று. தட்டையாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கார்புரேட்டரைத் திரும்பப் பூட்டும்போது கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டே திருகை இறுக்குங்கள். பின்தகட்டின் நான்கு திருகுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பிளக் விஷயத்திலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. 1.5 வோல்ட்டில் சிவந்து எரிகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். எரிவது மட்டும் போதாது. சுருளின் பிளாட்டினம் பரப்பு எரிபொருளில் உள்ள மெத்தனாலோடு வினைபுரிந்தால்தான் பேட்டரியை எடுத்த பிறகும் சூடு நிற்கும். சுருள் மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பேட்டரியை எடுத்ததும் வேகம் சட்டென விழுந்தால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். எரிபொருளும் அப்படித்தான். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் மூடி தளர்ந்து கிடந்த பாதி கேனை வைத்து ட்யூன் செய்யவே செய்யாதீர்கள்.

இத்தனையும் பார்த்தாயிற்றா? இப்போது ஊசிக்கு வாருங்கள். இரண்டரைச் சுற்று திறந்து கிளப்பி, ஒரு நிமிடம் சூடாக விடுங்கள். முழு த்ரோட்டிலில் ஒவ்வொரு கிளிக்காக மூடி உச்ச வேகத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு சுழல்வேகம் காட்டும் டேகோமீட்டரில் 200, 300 ஆர்பிஎம் குறையும்வரை திறங்கள். விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பத்து நொடி பிடியுங்கள். சத்தம் தளர்ந்தால் இன்னும் லீன். மேலும் இரண்டு கிளிக் திறங்கள். த்ரோட்டிலைக் குறைத்து ஐடிலில் எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பாருங்கள். சற்றே வேகம் ஏறி இரண்டு மூன்று நொடியில் அணைந்தால் சரி. கிள்ளியதும் அணைந்தால் லீன், வெகுநேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச். ஐடில் கலவையைச் சரிசெய்யும் திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது. கார்புரேட்டரின் முன்புறம் சிறு காற்றுத் துளை இருந்தால் அது ஏர் ப்ளீட் வகை. அதில் திருகைத் திறந்தால் லீன் ஆகும், மறந்துவிடாதீர்கள்.

இதைக் கண்டித்தே சொல்ல வேண்டியிருக்கிறது: ப்ராப்புக்கு முன்னாலிருந்து கை நீட்டி ஊசியைத் தொடுவதை இன்றோடு நிறுத்துங்கள். 11 அங்குல ப்ராப் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கிளப்பியதும் பின்னால் போய்விடுங்கள். விமானத்தை இன்னொருவர் அழுத்திப் பிடிக்கட்டும். ப்ராப் சுழலும் தளத்தின் பக்கவாட்டில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் துண்டு, ரேடியோ வார் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. கேன் பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

அடைப்புப் பார்க்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால்தான். உயிர் தப்பினாலும் பார்வை போய்விடலாம். மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் கிடைக்கிறது. ஒன்று வாங்கி எரிபொருள் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.